தகட்டில் உருவம் எழுப்பும் உளி, சுத்தியல், அரக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாமி கவசம், திருவாசி, வாசற்கதவுத் தகடு, வாகனத்துக்குப் போர்த்தும் தகடு, பூசைத் தாம்பாளம் என்று திருநெல்வேலிச் சீமையில் செம்பு, பித்தளை, வெள்ளித் தகடுகளில் கையாலேயே உருவம் எழுப்பும் வேலை பல உண்டு. அதைப் புதிதாகப் படிக்கிறவர்கள் கருவிகளைப் பற்றிக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. குத்துவிளக்கு, மணி போன்ற வார்ப்பு வேலைகள் இதில் சேரவில்லை.

தகட்டில் உருவம் எழுப்புவதும் செதுக்குவதும் ஒன்றுதானே?

இல்லை. செதுக்கினால் உலோகம் சுருள் சுருளாக வெளியே விழும், எடை குறையும். இதில் ஒரு குன்றிமணி எடைகூடக் குறையாது. தகடு இருந்த இடத்திலிருந்து மேலும் கீழும் நகர்கிறது, அவ்வளவுதான். பின்பக்கமாகத் தள்ளிப் புடைக்க வைப்பது பாதி வேலை. முன்பக்கம் திருப்பி, புடைத்ததைச் சுற்றி அமுக்கி, கண், இதழ், மணிமாலை என்று தெளிவாக்குவது மீதிப் பாதி. இரண்டுக்கும் ஒரே வகை உளிகள்தான், வாயின் வடிவம் மட்டும் மாறும்.

உளி என்று பெயர் இருந்தாலும் இந்த உளியின் வாய் வெட்டக் கூடாது. மர வேலை, கல் வேலை உளியை மனத்தில் வைத்துக்கொண்டு கூர் தீட்டி உட்கார்ந்தால் முதல் நாளே தகடு கிழியும்.

தொடங்குவதற்கு எத்தனை உளி வேண்டும்?

எட்டு. தேர்ந்த ஆசாரியின் பெட்டியில் நூறுக்கு மேல் இருக்கும். அவற்றில் பாதி ஏதோ ஒரு வேலையின் நடுவே, அந்த ஓர் இதழுக்காகவே ராவிச் செய்தவை. அவரைப் பார்த்து நூறு வாங்கிக் குவிப்பது வீண்.

கோடு போட இரண்டு: ஒன்றின் வாய் 6 மி.மீ. நீளம், நேர்கோட்டுக்கு, மற்றது 3 மி.மீ., வளைவுக்கு. பக்கவாட்டில் பார்த்தால் வாய் தோணியின் அடி மாதிரி லேசாக வளைந்திருக்க வேண்டும், இரு முனையும் மழுங்கியிருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். நகத்தைச் சுரண்டினால் அது இன்னும் தயாராகவில்லை. பின்பக்கமிருந்து தள்ளுவதற்கு உருண்டை வாய் மூன்று, 4, 8, 12 மி.மீ. விட்டத்தில். வேப்பங்கொட்டை வடிவ வாய் ஒன்று. கன்னம், இதழ், யாளியின் நெற்றி எல்லாவற்றுக்கும் இதுதான் கைகொடுக்கும். ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்றால் இதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வோம். கடைசியாக, முன்பக்கத்துத் தளத்தை அமுக்கத் தட்டை வாய் இரண்டு: 5 மி.மீ. சதுரம் ஒன்று, 4×8 மி.மீ. நீள்சதுரம் ஒன்று. தட்டை வாயின் நான்கு ஓரமும் நான்கு மூலையும் மழுங்கியே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வோர் அடியும் பிறை போலத் தழும்பு போடும்.

மணல் இழை, முத்து, வட்டம் போடுகிற உளிகள் பிறகு வரட்டும். பெரிய முகக் கவசத்துக்கு முதல் மேட்டைத் தூக்க, புளியங்கட்டையில் முனை உருட்டிய மரக்குச்சியே போதும். இரும்பைவிட அது தகட்டைக் குறைவாக இறுக்கும்.

உளியைக் கடையில் வாங்குவதா, செய்துகொள்வதா? என்ன இரும்பு எடுக்க வேண்டும்?

செய்துகொள்வதுதான் நல்லது. அச்சில் வார்த்தாற்போல வருகிற தொகுப்புகளில் வாய் பெரும்பாலும் சொரசொரப்பாகவோ கூராகவோ இருக்கும்; எப்படியும் திரும்ப ராவத்தான் வேண்டும்.

பழைய இரும்புக் கடையில் தேட வேண்டியது கார்பன் கூடிய எஃகு: வண்டியின் சுருள் ஸ்பிரிங், பழைய அரம், தேய்ந்த கல்லுளி, ஆலன் சாவி. கட்டடக் கம்பி வேண்டாம். அது எவ்வளவு தோய்த்தாலும் (சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கினாலும்) இறுகாது, இரண்டு வாரத்தில் வாய் சப்பிவிடும். கான்கிரீட் ஆணி ஏற்கெனவே இறுகியது. அரத்தால் முனையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டால் மணல் இழை உளி பத்து நிமிடத்தில் தயார். (அதை அரத்தின் விளிம்பால் தேய்க்க முடியாவிட்டால் முதலில் சிவக்கக் காய்ச்சி ஆறவிடுங்கள்.) பழைய அரத்தை எடுத்தால் அதன் பற்களை முழுவதும் சாணையில் எடுத்துவிட வேண்டும்; பல்லின் அடிப் பள்ளம் தோய்க்கும்போது வெடிப்பாக மாறும்.

நீளம் 10 முதல் 12 செ.மீ.; தடிமன் 6 முதல் 8 மி.மீ. நடுவுக்குச் சற்று மேலே தடிப்பாகவும் இரு பக்கமும் ஒடுங்கியும் இருந்தால் அடிக்கும்போது கையில் அதிராது. உருட்டுக் கம்பியைவிடச் சதுரக் கம்பி நல்லது, விரலுக்குள் சுழலாது. குட்டையான உளியைப் பிடித்தால் சுத்தியல் விரலில் விழும், நீளமானது ஆடும்.

தோய்ச்சல் எப்படிக் கொடுப்பது?

வாயை அரத்தால் உருவாக்கி, 220ஆம் எண் எமரித் தாளால் தேய்த்த பிறகே தோய்ச்சல். முனைப்பக்கம் 2 அல்லது 3 செ.மீ. மட்டும் கரி அடுப்பிலோ கேஸ் டார்ச்சிலோ செக்கச்சிவக்கக் காய வேண்டும். நிறத்தில் சந்தேகம் இருந்தால் காந்தத்தைக் காட்டுங்கள்; காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் இன்னும் சிறிது காய்ச்சி, கடலெண்ணெயில் செங்குத்தாக இறக்குங்கள். எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கட்டும். தண்ணீரில் தோய்த்தால் மெல்லிய வாய் விரிசல் விடும். சரியாக இறுகியிருந்தால் அரம் பிடிக்காமல் வழுக்கும்.

இப்போது அது கண்ணாடி மாதிரி உடையும் நிலையில் இருக்கிறது. பக்கங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, நடுப்பகுதியில் மெதுவாகச் சூடு காட்டினால் நிறங்கள் முனையை நோக்கி நகரும். வாயில் வெளிறிய வைக்கோல் நிறம் வந்த கணமே எண்ணெயில் போட வேண்டும். அது ஏறக்குறைய 220 முதல் 230 டிகிரி. நீலம் வரை விட்டால் வாய் இளகிவிடும். தலைப்பக்கத்துக்குத் தோய்ச்சலே கூடாது. தலை இறுகியிருந்தால் சுத்தியல் பட்டுச் சில்லு தெறிக்கும், போவது கண். தலை இளக்கமாக இருந்தால் காலப்போக்கில் காளான் குடைபோல விரியும். அந்த ஓரத்தை அவ்வப்போது சாணையில் எடுத்துவிட்டால் போதும்.

நெல்லைப் பக்கத்தில் அரிவாள் அடிக்கிற பட்டறைகளுக்குக் குறைவில்லை. இந்த நிறக் கணக்கைத் தாளில் படிப்பதைவிட அங்கே அரைநாள் நின்று பார்த்தால் சீக்கிரம் புரியும்.

பிறகு வாயை 400, 800, 1200 எண் தாள்களில் வரிசையாகத் தேய்த்து, தோல் துண்டில் மெருகு மாவு போட்டு முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்குங்கள். வாயில் இருக்கிற ஒவ்வொரு கீறலும் தகட்டில் ஆயிரம் தடவை பதியும்.

எந்தச் சுத்தியல்?

தலை 100 முதல் 150 கிராம். முகம் 25 முதல் 30 மி.மீ. அகலம், லேசான குவிவு. முகம் அகலமாக இருந்தால் உளியின் தலையைப் பார்க்காமலேயே அடிக்கலாம். கண் உளியின் வாயில்தான் இருக்க வேண்டும். கைப்பிடி 22 செ.மீ. போல, தலைக்கு அருகில் ஒடுங்கி 9 மி.மீ. அளவுக்கு, உள்ளங்கையில் படும் இடம் பருத்து. ஒடுங்கிய கழுத்து வில்போல வளைந்து கொடுக்கும். அடித்த சுத்தியல் தானே எழும்பும். மணிக்கட்டுதான் ஆட வேண்டும், முழங்கை அல்ல. தச்சுச் சுத்தியலை வைத்து நாள் முழுதும் அடித்தால் மறுநாள் சோற்றுக் கை சோறெடுக்காது.

அரக்கு எதற்கு? மரப்பலகை மேலேயே வைத்து அடிக்கக் கூடாதா?

மரத்தின் மேல் அடித்தால் தகடு முழுவதும் நெளியும். நீங்கள் அடித்த இடம் மட்டும் இறங்காது. அடிபட்ட இடத்தில் இறங்கிக்கொடுத்து, பக்கத்து இடத்தை விடாமல் பிடித்துக்கொள்கிற ஒரு படுக்கை வேண்டும். அதுதான் அரக்கு. எங்களைக் கேட்டால் முதல் கருவியே இதுதான். கோடு சரியில்லை, தகடு கிழிந்தது, உருவம் சப்பையாக இருக்கிறது என்று உளியைக் குறை சொல்லி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பழுது தகட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

பட்டறையில் அரக்கு என்று சொன்னாலும் அதில் உண்மையான கொம்பரக்கு இருக்க வேண்டியதில்லை. குங்கிலியம், செங்கல் பொடி, எண்ணெய் மூன்றும் போதும். ஓரடி நீளம், முக்கால் அடி அகலப் பலகையில் 2 செ.மீ. கனத்துக்கு: நாட்டு மருந்துக் கடைக் குங்கிலியம் 1 கிலோ, மெல்லிய துணியில் சலித்த செங்கல் பொடி 1 கிலோ, நல்லெண்ணெய் அல்லது கடலெண்ணெய் 50 மி.லி.யில் தொடங்கி 100 மி.லி. வரை.

செங்கல் பொடியை வாணலியில் முதலில் வறுத்துவிடுங்கள். ஈரம் இருந்தால் உருகிய குங்கிலியத்தில் போட்ட உடனே பால் போலப் பொங்கி அடுப்பில் வழியும், தீப்பிடிக்கும். குங்கிலியத்தைப் பொடித்து, கனமான இரும்புச் சட்டியில் சிறுதீயில் உருக்குங்கள். முழுவதும் உருகியதும் எண்ணெய், அதன்பின் பொடியைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக் கிளறிக்கொண்டே இருங்கள். கொதிக்க விடாதீர்கள், கொதித்த அரக்கு ஆறியதும் நொறுங்கும். திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் ஒரு மூடியும் மணலும் இருக்கட்டும். தீப்பிடித்தால் மூடியால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஒரு கரண்டியைக் கல்லில் ஊற்றி ஆறவிட்டு நகத்தால் அழுத்துங்கள். பலமாக அழுத்தினால் தடம் மெல்லப் பதிய வேண்டும். பதியவே இல்லை என்றால் இரண்டு ஸ்பூன் எண்ணெய்; சுலபமாகப் பள்ளம் விழுந்தால் இன்னும் பொடி.

போன மாதம் சரியாக இருந்த அரக்கு இப்போது சேறு மாதிரி இருக்கிறதே?

அரக்கு கெடவில்லை, வெயில்தான் மாறியிருக்கிறது. சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் மத்தியானம் இளகிக் கிடக்கும் அதே கலவை, ஆனி ஆடியில் சாரல் அடிக்கிற குற்றாலம், தென்காசிப் பக்கம் கல்லாக இறுகும். ஆகவே இரண்டு பலகை வைத்துக்கொள்வது நல்லது: பொடி கூடிய ஒன்று கோடைக்கு, எண்ணெய் கூடிய ஒன்று குளிருக்கு. ஒரே பலகைதான் என்றால் கோடையில் காலை பத்து மணிக்குள் கோடு வேலையை முடித்துவிட்டு, இளகிய பிற்பகலில் பின்பக்கம் தள்ளும் வேலையைச் செய்யலாம். தள்ளுவதற்கு இளக்கமும் கோட்டுக்கு இறுக்கமும் எப்படியும் வேண்டியவைதான்.

எந்தத் தகடு, எத்தனை கேஜ்?

பழகுவதற்குச் செம்பு, 22 கேஜ் (0.7 மி.மீ.). நன்றாக நீளும், தப்பைப் பொறுக்கும். ஆழமான முகம் எழுப்ப 20 கேஜ் (0.9 மி.மீ.). 24 கேஜ் (0.56 மி.மீ.) பூவேலை, கரை வேலைக்குப் போதும். பித்தளை சீக்கிரம் இறுகும். வாங்கும்போது மடித்து அடிக்கத் தோதான மெதுத் தகடா என்று கேளுங்கள். செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு உள்ளது வளையும். 60க்கு 40 உள்ளது குளிர்ந்த நிலையில் வெடிக்கும். வெள்ளி எல்லாவற்றிலும் இணக்கமானது, ஆனால் கை பழகும் முன் அதைத் தொடாதீர்கள்.

வெட்டும்போது உருவத்தைச் சுற்றி 2 செ.மீ.யாவது மிச்சம் விடுங்கள். நான்கு மூலையையும் கீழ்நோக்கி மடித்தால் அவை அரக்கில் நங்கூரம் போலப் பிடித்துக்கொள்ளும்.

தகட்டை அரக்கில் ஒட்டுவது எப்படி?

அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு எண்ணெயைத் துணியால் பூசி, அரக்கின் மேல்புறத்தை டார்ச்சால் பளபளக்கும் வரை இளக்கி, தகட்டை ஒரு பக்கமிருந்து சாய்த்து இறக்குங்கள். தட்டையாகப் போட்டால் காற்று சிக்கும். ஆறிய பின் உளியின் தலையால் தட்டிக் கேட்டுப் பாருங்கள்: ‘டப் டப்’ என்றால் அடியில் அரக்கு இருக்கிறது, ‘டொக்’ என்று பானைச் சத்தம் வந்தால் வெற்றிடம். அந்த இடத்தை மறுபடி சூடாக்கி அமுக்காமல் ஓர் அடிகூட அடிக்க வேண்டாம்.

கோடு போட்டால் படிப்படியாக, எறும்பு ஊர்ந்தது மாதிரி வருகிறது. என்ன தவறு?

ஒவ்வோர் அடிக்கும் உளியைத் தூக்கி வைக்கிறீர்கள். தூக்கக் கூடாது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் உளியைப் பிடிக்க, மோதிரவிரல் தகட்டில் ஊன்றியிருக்கட்டும். உளியின் தலையைப் போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சற்றே சாய்த்தால் வாயின் முன்நுனி மயிரிழை மேலே எழும். சிறு சிறு அடிகளாக, ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டே இருந்தால் உளி தானே நகரும். அதிகம் சாய்த்தால் ஓடிவிடும், சாய்க்காவிட்டால் நின்ற இடத்திலேயே தோண்டும். முதல் சுற்று மெல்லிய தடம் மட்டும். இரண்டாம் சுற்றில்தான் ஆழம். வளைவில் இன்னும் படி தெரிந்தால் உளியின் வாய் நீளமாக இருக்கிறது என்று பொருள்; 3 மி.மீ. உளிக்கு மாறுங்கள்.

தகடு கிழிந்துவிட்டது. ஏன்?

அநேகமாகக் காய்ச்சாமல் அடித்திருப்பீர்கள். அடிபட அடிபட உலோகம் இறுகும், நெருப்பில் காய்ச்சினால் மறுபடி இளகும். இறுகியதை மூன்று விதத்தில் அது சொல்லும்: சத்தம் ‘டப்’பிலிருந்து ‘ணங்’குக்கு ஏறும், உளி துள்ளும், எவ்வளவு அடித்தாலும் பள்ளம் கூடாது. அந்த நேரத்தில் பலத்தைக் கூட்டுகிறவர்கள்தான் கிழிப்பார்கள்.

அடுத்தது, ஆழத்தை ஒரே புள்ளியில் தேடுவது. மேட்டின் உச்சிக்கு நேர் பின்னாலேயே அடித்துக்கொண்டிருந்தால் அந்த இடம் மட்டும் மெலிந்து பப்படம் ஆகும். சரிவுகளிலிருந்து உச்சியை நோக்கி, வட்ட வட்டமாக வர வேண்டும். 3 செ.மீ. அகல மேட்டுக்கு ஒரு சுற்றில் 5 மி.மீ. உயரத்துக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். காய்ச்சிவிட்டு அடுத்த சுற்று. அரக்கு மிக இறுகியிருந்தால் தகடு சுத்தியலுக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிய மாதிரி நசுங்கி மெலியும். அடியில் வெற்றிடம் இருந்தால் உளி திடீரென்று உள்ளே விழுந்து பொத்துக்கொள்ளும். கோட்டின் அடியில் மட்டும் நீளவாக்கில் பிளந்திருந்தால் உளி கூர். வேறு காரணம் தேட வேண்டாம்.

சிறு கிழிசலைப் பின்பக்கமிருந்து வெங்காரம் போட்டு வெள்ளிப் பொடி (வெள்ளி கலந்த பற்றாசு) வைத்து ஊதி ஒட்டலாம். ஈயப் பற்று வேண்டாம். அடுத்த முறை காய்ச்சும்போது உருகி ஓடிவிடும்.

காய்ச்சும் சூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

நிழலில் செய்தால்தான் தெரியும். முற்றத்து வெயிலில் சிவப்பு கண்ணுக்குப் புலப்படுவதற்குள் பித்தளை உருகிச் சரிந்துவிடும். செம்பு மங்கிய சிவப்புக்கு வந்ததும் தண்ணீரில் போடலாம். பித்தளை அதைவிடக் கொஞ்சம் குறைந்த சிவப்பு. பித்தளைக்குச் சிவப்பு அடங்கிக் கறுத்த பிறகே தண்ணீர். அவசரப்பட்டுத் தோய்த்தால் மயிர்க்கோடாக வெடிக்கும். வெள்ளைப் புகை வந்தால் துத்தநாகம் எரிகிறது. சூட்டைக் குறைத்து விலகி நில்லுங்கள், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். 92.5 வெள்ளி இருட்டில் பார்த்தால் இளஞ்சிவப்பாகத் தெரியும் நேரமே போதும்.

காய்ச்சும் முன் ஒட்டியிருக்கும் அரக்கை வெதுவெதுப்பாக்கி, எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுங்கள். காய்ச்சிய பின் வரும் கறுப்புக்குப் புளிக்கரைசலோ படிகாரத் தண்ணீரோ போதும். கந்தக அமிலம் பயன்படுத்துகிறவர்கள் பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அமிலம் என்ற கணக்கில், அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். அந்தத் தொட்டிக்குள் இரும்புக் குறடு போனால் வெள்ளியின் மேல் செம்பு ஏறிச் சிவந்துவிடும். செம்புக் குறடு அல்லது மரக்குச்சியால் எடுங்கள்.

முன்பக்கம் திருப்பியதும் எழுப்பியது எல்லாம் அமுங்கிவிடுகிறது.

திருப்பிப் போடும் முன் பின்பக்கப் பள்ளங்களை உருகிய அரக்கால் நிரப்ப வேண்டும். ஒரே ஊற்றாக ஊற்றாமல், தகட்டைச் சற்றுச் சூடாக்கி, ஓரத்திலிருந்து மெல்ல வழியவிட்டால் குமிழி இருக்காது. மூக்கு நுனி, யாளியின் பல் போன்ற ஆழமான இடங்களில்தான் காற்று தங்கும். நிரப்பி ஆறியதைப் பலகையின் இளகிய அரக்கில் கவிழ்த்து ஒட்டுங்கள். பிறகு உருவத்தை அடிக்காதீர்கள்; அதைச் சுற்றியுள்ள தளத்தைத் தட்டை வாய் உளியால் இறக்குங்கள். சுற்றுப்புறம் இறங்கினாலே உருவம் மேலே வந்த மாதிரி இருக்கும்.

ஈயக் கட்டியின் மேல் வைத்து அடிக்கிறார்களே, அது வேகமாக இருக்காதா?

வேகம்தான். ஆனால் தகட்டில் ஒட்டிய ஈயத் துகளோடு வெள்ளியைக் காய்ச்சினால் ஈயம் வெள்ளியைத் தின்று ஓட்டை போடும். கையில் ஒட்டிய ஈயம் சோற்றோடு உள்ளே போகும். குழந்தைகள் நடமாடும் வீட்டுப் பட்டறைக்கு அது வேண்டவே வேண்டாம். மணல் நிரப்பிய தோல் பையும் குழிவெட்டிய புளியங்கட்டையும் அந்த வேலையைச் செய்யும்.

உருகிய அரக்கு கையில் பட்டுவிட்டால்?

பிய்க்காதீர்கள், தோலோடு வரும். ஒட்டியது ஒட்டியபடியே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி, மருத்துவரிடம் போங்கள்.

கோயிலில் நசுங்கிய பழைய கவசத்தை நாங்களே சரிசெய்யலாமா?

முறையான அனுமதியும் எடைக் குறிப்பும் இல்லாமல் தொடக் கூடாது. அனுமதி இருந்தாலும் உள்ளே பழைய ஈயப் பற்று, ஒட்டுத் தகடு இருக்கிறதா என்று பார்க்காமல் நெருப்பு காட்டாதீர்கள். பழைய பித்தளை சிலசமயம் தானாகவே வெடித்திருக்கும். அதைத் தட்டினால் வெடிப்பு ஓடும்.

உளி துருப்பிடிக்காமல் எப்படி வைப்பது?

துளையிட்ட மரக்கட்டையில் வாய் மேலே தெரிய நிறுத்தி, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் வாரம் ஒருமுறை துடையுங்கள். திருச்செந்தூர், உவரிக் கடற்காற்றில் இரண்டு நாளைக்கொருமுறை. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஐப்பசி மழையில் உள்ளேயே வியர்த்துத் துருவேறும்.

இந்தப் பக்கத்தில் பார்த்துக் கற்க என்ன இருக்கிறது?

நெல்லையப்பர் கோயிலின் தாமிர சபை, நடராசரின் ஐந்து சபைகளில் செம்புக்குரியது. நேரமிருந்தால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களைப் பாருங்கள். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டி எடுத்தவற்றில் மெல்லிய தங்க நெற்றிப்பட்டங்கள் உண்டு. சிலவற்றில் புள்ளிகளும் கோடுகளும் முக்கோணங்களும் பதித்திருக்கிறார்கள். ஒரு முனை உளிக்குள் எவ்வளவு அடங்கும் என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை.

முதல் பயிற்சியாக என்ன செய்யலாம்?

கோலம். ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்த சிக்குக் கோலத்தைத் தாளில் வரைந்து, மைதாப் பசையால் 15 செ.மீ. சதுரச் செம்புத் தகட்டில் ஒட்டுங்கள். புள்ளிகளை 4 மி.மீ. உருண்டை வாயால் பின்பக்கமிருந்து எழுப்பலாம். கம்பியை 3 மி.மீ. கோட்டு உளியால் முன்பக்கமிருந்து போடலாம். சாமி முகத்தில் தொடங்க நினைப்பவர்களுக்கு இது சிறுபிள்ளை வேலையாகத் தோன்றும். ஆனால் கம்பி வளைந்து தன்னையே வெட்டிக்கொண்டு போகும் இடங்களில் கை தடுமாறினால் ஒளிக்க வழியில்லை. முடித்ததும் தகட்டைக் கழற்றிப் பின்பக்கத்தைச் சாய்வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: கோட்டின் முதுகு ஒரே கனத்தில் ஓடினால் அடி சீராக விழுந்திருக்கிறது; முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் அதே கோலத்தை இன்னொரு தகட்டில் போடுங்கள்.